குட்டி மடிக்கணினி: விலையைக் குறைக்க எதைக் கழித்தார்கள்?

பள்ளி திறக்கும் பருவத்தில் கணினிக் கடைகளின் விளம்பரத் தாள்களைப் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு மூலையில் குட்டி மடிக்கணினி ஒன்று இருக்கும். 11.6 அங்குலத் திரை, 1.2 கிலோ எடை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம். விலை மூன்றே இலக்கம். அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மடிக்கணினிக்கோ மூவாயிரம் வெள்ளி போட்டிருப்பார்கள். இரண்டிலும் திரை இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது, இரண்டும் இணையத்தில் நுழைகின்றன. அப்படியானால் அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி எங்கே போனது?

அப்பா அம்மாவிடம் "இதை வாங்கித் தாருங்கள்" என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நீங்களே விடை தெரிந்து வைத்திருப்பது நல்லது. எண்ணூறு வெள்ளி என்பது நம்மில் பல குடும்பங்களுக்கு ஒரு மாத வீட்டு வாடகை. படிவம் நான்கில் வாங்கும் கணினி எஸ்.பி.எம். முடியும் வரையாவது உழைக்க வேண்டும். அதற்குப் பிறகு படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ போனாலும் கூடவே வந்தால் இன்னும் நல்லது. ஆறே மாதத்தில் அது திணற ஆரம்பித்தால், மாற்றி வாங்க இன்னோர் எண்ணூறு வெள்ளி வீட்டில் இருக்காது.

ஒரு முழுக் கணினியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சிலவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால் கிடைப்பதுதான் மலிவுக் கணினி. எதைக் கழித்தார்கள், அந்தக் கழிவு உங்கள் வேலையைப் பாதிக்குமா என்பதுதான் கணக்கு.

கழித்தல் தொடங்கிய கதை

2005 நவம்பரில் துனிசியாவின் தலைநகர் துனிஸில் தகவல் சமுதாயம் பற்றிய ஐக்கிய நாட்டு உச்சநிலை மாநாடு நடந்தது. அங்கே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டி, ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னானுடன் மேடையேறி ஒரு பச்சை நிறக் கணினியைக் காட்டினார். மின்சாரம் இல்லாத ஊர்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றினால் மின்சாரம் வரும். விலை 100 அமெரிக்க டாலர் என்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்பதுதான் திட்டத்தின் பெயர்.

2007-இல் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அந்தக் கைப்பிடி இல்லை. விலையும் 100 டாலரில் நிற்கவில்லை. ஏறத்தாழ 190 டாலர் ஆகிவிட்டது. ஆனாலும் அதற்குள் இருந்த கழித்தல் வேலை வியப்பானது. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு 1 ஜிபி ஃபிளாஷ் நினைவகத்தை வைத்தார்கள். ரேம் 256 எம்பி மட்டும். குளிர்விக்கும் விசிறி கிடையாது. கழிக்காமல் விட்ட ஒன்று உண்டு, அது திரை. மேரி லூ ஜெப்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த 7.5 அங்குலத் திரையைக் கொளுத்தும் வெயிலிலும் படிக்கலாம். மரத்தடியில் பாடம் நடக்கும் ஊர்களை மனத்தில் வைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். யாருக்காக, எந்த இடத்துக்காக என்று யோசித்துக் கழித்தால் மலிவுக் கணினி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே 2007-இல் தைவானின் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற கணினியை விற்பனைக்கு விட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பகம், 512 எம்பி ரேம், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். சிறுவர்களுக்கான பொம்மை என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள், பெரியவர்களே வாங்கிக் குவித்தார்கள். மறு ஆண்டே இன்டெல் நிறுவனம் இந்தச் சிறு கணினிகளுக்கென்றே ஆட்டம் என்ற நுண்செயலியைக் கொண்டுவந்தது. 'நெட்புக்' என்ற பெயரும் நிலைத்தது.

பிறகுதான் சறுக்கல். வாங்கியவர்கள் லினக்ஸ் வேண்டாம், பழகிய விண்டோஸ்தான் வேண்டும் என்றார்கள். திரை பெரிதாக வேண்டும், இடம் அதிகம் வேண்டும் என்றார்கள். நிறுவனங்களும் கேட்டதையெல்லாம் சேர்த்தன. ஆனால் நுண்செயலி அதே சிறியதுதான். சிறிய மாட்டின் முதுகில் பெரிய வண்டிச் சுமையை ஏற்றியதுபோல் ஆயிற்று. 2010-இல் ஐபேட் வந்தது. 2012 முடிவதற்குள் பெரிய நிறுவனங்கள் நெட்புக் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2010-ஆம் ஆண்டுவாக்கில் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு '1மலேசியா நெட்புக்' வழங்கப்பட்டது. உங்கள் அண்ணனோ அக்காளோ அதைப் பயன்படுத்தியிருக்கலாம், வீட்டு அலமாரியைத் துழாவிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் இதே காலம்தான். 2013-இல் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழி நம் பள்ளிகளுக்குக் குரோம்புக் வந்தது. எல்லா வேலையையும் இணைய உலாவிக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் கணினி அது. நெட்புக்கில் தவறிப்போன கழித்தலை கூகுள் மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தது என்று சொல்லலாம்.

திறன்பேசி போதாதா?

போதும் என்றுதான் 2020 மார்ச் வரை பலர் நினைத்திருந்தோம். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. ஏறத்தாழ 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர்தான். திறன்பேசி இருந்த வீட்டிலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும் என்ற நிலை. அதற்குப் பிறகு செர்டிக் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 500 பள்ளிகளின் மாணவர்களுக்கு 150,000 கருவிகள் வழங்க ஏற்பாடாயிற்று.

பாடத்தைப் பார்ப்பதற்குத் திறன்பேசி போதும். பாடத்தை எழுதுவதற்குப் போதாது. வரலாற்றுப் பணித்திட்டத்தை ஆறு அங்குலத் திரையில் இரண்டு கட்டை விரல்களால் தட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கட்டுரை, மறுபக்கம் மேற்கோள் எடுக்கும் பக்கம் என்று இரண்டையும் திறந்துவைத்து வேலை செய்ய விசைப்பலகையும் கொஞ்சம் அகலமான திரையும் வேண்டும். ஆகவே மடிக்கணினி வேண்டுமா என்பது கேள்வியே இல்லை. எந்த மடிக்கணினி என்பதுதான்.

அன்னதானச் சமையல்கூடம்

பத்துமலைத் தைப்பூசத்தில் அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சமையல்காரர் ஒருவர், அவருக்கு முன்னால் காய்கறி நறுக்கும் மேசை, கொஞ்சம் தள்ளிச் சரக்கறை. கணினிக்குள் நடப்பதும் இதுதான்.

சமையல்காரர்தான் நுண்செயலி. மேசைதான் ரேம் என்னும் நினைவகம். இப்போது வேலை நடக்கும் பொருள்கள் எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். சரக்கறைதான் சேமிப்பகம், அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அங்கே கிடக்கும். மேசை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? தக்காளியை வைக்க இடமில்லாமல் வெங்காயத்தைச் சரக்கறைக்குத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு நிமிடத்தில் வெங்காயம் தேவைப்படும். ஓடிப்போய் எடுத்து வருவார்கள், அதற்கு இடம் வேண்டும் என்று தக்காளியை அனுப்புவார்கள். கணினியும் இதையேதான் செய்கிறது. ரேம் நிறைந்ததும் அதிலிருக்கும் தகவலில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்தில் எழுதிவைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பப் படித்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 ஓடும் கணினியில் 4 ஜிபி ரேம் என்றால், உலாவியில் நாலைந்து பக்கங்களோடு ஒரு காணொளிச் சந்திப்பையும் திறந்தாலே இந்த ஓட்டம் தொடங்கிவிடும்.

மலிவுக் கணினியின் பெரிய இரகசியம் இனிமேல்தான் வருகிறது. சரக்கறைக்குப் போகும் வாசல் எவ்வளவு அகலம்?

விலைப்பட்டியலில் '64 ஜிபி' என்பதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'இ.எம்.எம்.சி.' என்று போட்டிருப்பார்கள். திறன்பேசிகளிலும் நினைவட்டைகளிலும் பயன்படும் தொழில்நுட்பத்தின் உறவுக்காரன் அது. அதன் வாசல் ஒற்றையடிப் பாதை. உள்ளே போகிறவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே வருகிறவர் வர முடியும். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. வழக்கமாக நொடிக்கு 250 முதல் 300 எம்பி வரை படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. 2,000 எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மேசை சிறியது, அதனால் ஓட்டம் அதிகம். வாசலோ ஒற்றையடி. சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 4 ஜிபி ரேமும் இ.எம்.எம்.சி.யும் சேர்ந்த விண்டோஸ் கணினி ஏன் திணறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். விளம்பரத்தில் நுண்செயலியின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். திணறலுக்கும் அந்தப் பெயருக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது.

இன்னொரு சங்கடம், மலிவு மாதிரிகளில் இ.எம்.எம்.சி. தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் கழற்றி மாற்ற வழியில்லை. பல மாதிரிகளில் ரேமும் அப்படித்தான். எனவே 'இப்போது இதை வாங்குவோம், காசு வந்ததும் கூட்டிக்கொள்வோம்' என்ற திட்டம் செல்லாது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: "ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பின்னால் மாற்ற முடியுமா?"

குரோம்புக் இந்த இடத்தில் கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது. ரேம் நிறையும்போது அது சரக்கறைக்கு ஓடாமல், மேசைமேல் இருப்பதையே அமுக்கிச் சுருக்கி இடம் உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் அதே 4 ஜிபி, அதே இ.எம்.எம்.சி. இருந்தும் குரோம்புக் விண்டோஸைவிடச் சுறுசுறுப்பாகத் தெரிகிறது.

64 ஜிபி எங்கே ஒளிந்துகொண்டது?

புதுக் கணினியைத் திறந்து பார்த்தால் 64 ஜிபி என்று வாங்கியது 59 என்றோ 58 என்றோ காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 1,000,000,000 பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதையே 1024 × 1024 × 1024, அதாவது 1,073,741,824 பைட் என்று எண்ணுகிறது. 64,000,000,000-ஐ இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். அதிலிருந்து விண்டோஸ் தனக்கும் தன் மீட்புக் கோப்புகளுக்கும் 25, 30 ஜிபி எடுத்துக்கொள்ளும். பெரிய புதுப்பிப்பு வரும்போது மேலும் சில ஜிபி காலியிடம் கேட்கும். ஒரு வருடத்தில் 'இடம் போதவில்லை' என்ற அறிவிப்பு வருவது இதனால்தான்.

நீங்கள் எழுதும் எழுத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சந்தேகம் இருந்தால் கணக்குப் போடலாம். 'பத்துமலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: ப, த், து, ம, லை. யூனிகோடில் புள்ளியும் உகரக் கொக்கியும் ஐகாரக் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் எட்டுக் குறியீடுகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 24 பைட். 250 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை, அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாக, 7,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு ஜிபியில் அப்படிப்பட்ட கட்டுரைகள் ஓர் இலட்சத்துக்கும் மேல் வைக்கலாம். அத்தனையையும் திருத்த எந்தத் தமிழாசிரியரும் முன்வர மாட்டார்! இடத்தைத் தின்பவை இயங்குதளமும் காணொளிகளும் விளையாட்டுகளும்தான். காணொளிகளை ஒரு விரலியிலோ நினைவட்டையிலோ வைத்துக்கொண்டால் 64 ஜிபியோடும் காலம் தள்ளலாம். ஆனால் விண்டோஸ் கணினி என்றால் 128 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

கணினிக்கும் காலாவதித் தேதி உண்டு

பால் பெட்டியை வாங்கும்போது தேதியைப் பார்க்கிறோம். கணினியிலும் பார்க்க வேண்டும். ஆனால் அதைப் பெட்டிமேல் அச்சிடுவதில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் அதன் குறைந்தபட்ச நிபந்தனை. அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், நுண்செயலியும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் கோர் வகையில் அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது.

பயன்படுத்திய கணினி வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளைத் துடைத்து, பழுதுபார்த்து, சில நூறு வெள்ளிக்கு விற்கிறார்கள். நல்ல பொருள்கள் பல உண்டு. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது, நுண்செயலிப் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். கோர் ஐ5-6300 என்றால் ஆறாம் தலைமுறை. 8250 என்றால் எட்டு. 10210 என்றால் பத்து. 1135 என்றால் பதினொன்று. 'ஐ5' என்று பெரிதாக ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஆறாம் தலைமுறையை வாங்கினால், பட்டியலில் இல்லாத கணினியை வாங்கியவர் ஆவீர்கள்.

குரோம்புக்கின் தேதி இன்னும் தந்திரமானது. ஒவ்வொரு மாதிரிக்கும் பத்தாண்டுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு தருவதாக கூகுள் 2023-இல் அறிவித்தது. 2021-க்கு முன்னால் வந்த மாதிரிகளுக்கு அது தானாகக் கிடைக்காது. மேலும் அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை; அந்த மாதிரியின் அடித்தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பெட்டி பிரிக்காத புதுக் கணினிக்கும் மூன்றாண்டுதான் மீதம் இருக்கலாம். அமைப்புகளில் 'குரோம்ஓஎஸ் பற்றி' என்ற பகுதிக்குப் போனால் கடைசித் தேதி அங்கே தெரியும். வாங்குவதற்கு முன் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போது

பத்துமலையிலிருந்து கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து மோனோரெயிலில் இம்பி அல்லது புக்கிட் பிந்தாங் இறங்கினால் பிளாசா லோயாட் நடக்கும் தூரம். பெற்றோருடன் போங்கள், வார நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே மாடியில் பத்துக் கடைகள் இருப்பதால் முதல் கடையிலேயே பணப்பையைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

கையில் ஆயிரம் வெள்ளி இருக்கிறது, விண்டோஸ்தான் வேண்டும் என்றால் நான் என்ன சொல்வேன்? 4 ஜிபி ரேமும் இ.எம்.எம்.சி.யும் உள்ள புதுக் குட்டிக் கணினியைவிட, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட, 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பயன்படுத்திய அலுவலகக் கணினியை எடுங்கள் என்பேன். கொஞ்சம் கனமாக இருக்கும், பளபளப்பு இருக்காது. வேலை ஓடும். புதிதுதான் வேண்டும் என்றால் 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற சிறு நுண்செயலியோடு 8 ஜிபியும் எஸ்.எஸ்.டி.யும் உள்ளதைத் தேடுங்கள். அது நான்கு மையங்கள் கொண்டது. 6 வாட் அளவில் ஓடும்படி வடிவமைத்தது என்பதால் அதிகம் சூடாகாது.

டெலிமா தளத்தில் பாடம் பார்ப்பது, கூகுள் வகுப்பறையில் பணி ஒப்படைப்பது, கட்டுரை எழுதுவது, இவைதான் உங்கள் வேலை என்றால் குரோம்புக் தாராளமாகப் போதும். கீழ்ப்படிவங்களில் கற்கும் ஸ்கிராட்ச் உலாவியிலேயே ஓடும், பைத்தானுக்கும் வழி உண்டு. மேல்படிவத்தில் கணினி அறிவியல் எடுத்து, உங்கள் பள்ளியில் மைக்ரோசாஃப்ட் அக்ஸஸ் பயன்படுத்துகிறார்கள் என்றால் குரோம்புக் கைகொடுக்காது. முதலில் ஆசிரியரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பயன்படுத்திய குரோம்புக் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பள்ளிகளும் நிறுவனங்களும் தங்கள் குரோம்புக்குகளைத் தங்கள் நிர்வாகக் கணக்கோடு பிணைத்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினாலும், இணையத்தில் சேர்ந்த உடனே 'இந்தக் கருவி இன்னாருடையது' என்று சொல்லிப் பழைய கணக்கையே கேட்கும். விலை மிகக் குறைவாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கால் கடையிலேயே நுழைந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விசைப்பலகையில் நாலு வரி தட்டிப் பாருங்கள். வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். மிகச் சிறிய கணினிகளில் இது குறையும். நீண்ட விரல்காரர்களுக்கு இது தொல்லை. தமிழிலும் தட்டிப் பாருங்கள். விண்டோஸிலும் குரோம்ஓஎஸிலும் தமிழ் விசைப்பலகை உள்ளடங்கியே வருகிறது, அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் முடிவான தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் இருக்கும். பழக இரண்டு வாரம் ஆகும், பழகிவிட்டால் வேகம் தனி.

இதில் நம் நாட்டுக்காரர் ஒருவரின் உழைப்பு பெரிது. 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலிருந்தே கணினியில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டு வருபவர். திறன்பேசியில் பலர் பயன்படுத்தும் 'செல்லினம்' செயலியும் அவருடையது. ஆப்பிள் கணினிகளோடு வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

மின்கலம், வெயில், மின்னல்

"என் திறன்பேசியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம். இந்த மடிக்கணினியிலும் அதே 5,000தான். அப்படியானால் இரண்டும் ஒன்றா?" இயற்பியல் வகுப்பில் இருப்பவர்கள் உடனே மறுப்பார்கள். ஆற்றலைக் கணக்கிட மின்னழுத்தத்தாலும் பெருக்க வேண்டும். திறன்பேசி மின்கலம் 3.85 வோல்ட் என்றால் 5 × 3.85, ஏறத்தாழ 19 வாட்-மணி. மடிக்கணினியில் இரண்டு கலங்களைத் தொடராக இணைத்து 7.6 வோல்ட் ஆக்கியிருந்தால் 5 × 7.6, அதாவது 38 வாட்-மணி. எனவே வாட்-மணியைக் கேளுங்கள். சராசரியாக 6 வாட் இழுக்கும் குட்டிக் கணினி 38 வாட்-மணியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

பயன்படுத்திய கணினி என்றால் கணக்கு மாறும். 50 வாட்-மணி என்று பிறந்த மின்கலம் தேய்ந்து 30-இல் நிற்கலாம். 12 வாட் இழுக்கும் கணினி என்றால் இரண்டரை மணி நேரம்தான். விண்டோஸிலேயே 'மின்கல அறிக்கை' எடுக்கும் கட்டளை உண்டு. பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது இருக்கும் கொள்ளளவு இரண்டையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேச அதுவே நல்ல காரணம்.

லித்தியம் மின்கலத்துக்கு எதிரி வெப்பம். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். எப்போதும் நூறு விழுக்காட்டிலேயே செருகி வைத்திருப்பதும் ஆயுளைக் குறைக்கும். 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி உங்கள் மாதிரியில் இருந்தால் அதை முடுக்கிவிடுங்கள். மின்னூட்டி தொலைந்துபோனால் தெருவோரத்தில் கிடைக்கும் மலிவு மின்னூட்டியை வாங்க வேண்டாம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட் அளவு பழையதோடு சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு இடி மின்னலுக்குப் பேர்போனது என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்தில் எங்கோ விழும் மின்னல், மின்கம்பி வழியாக வீட்டுக்குள் ஓர் அழுத்த அலையை அனுப்பும். ஆயிரம் வெள்ளிக் கணினிக்கு அது ஒரு நொடி வேலை. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அதற்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பெரிய அழுத்தம் அதைத் தாண்டிவிடும். பிற்பகலில் மலைப்பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியதும், இடி கேட்பதற்கு முன்பே எழுந்துபோய் மின்னூட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மோடத்திலிருந்து வரும் இணையக் கம்பியைக் கணினியில் செருகியிருந்தால் அதையும் சேர்த்து. மழை விடும் வரை மின்கலத்தில் வேலை செய்யலாம், ஆறு மணி நேரம் இருக்கிறதே.